துளையிட்ட காசு

பத்து தெத்ரி போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
திபிலீசியின் மேட்டில் பதினாறு மாடி,
எங்கள் வீடு பதினான்கில்.
ஏறத்தான் காசு, இறங்குவது ஓசி.
இதில் ஒரு தத்துவம் இருக்கிறது என்பான் நுக்ரி.
அவனுக்கு எல்லாவற்றிலும் தத்துவம் இருக்கும்,
கணக்குப் பரீட்சையில் மட்டும் முட்டை இருக்கும்.

அவன்தான் காசில் துளை போட்டவன்.
அப்பாவின் கைத்துரப்பணம், ஒரு மதியம்,
முறிந்துபோன இரண்டு ஊசி.
துளையில் தூண்டில் நரம்பைக் கட்டினான்.
போடு. ணங். இழு.
ஒரே காசில் ஓர் இலையுதிர்காலம் முழுக்க ஏறினோம்.
போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.
உச்சியில் இரண்டு கட்டடத்தை இணைக்கும் பாலத்தில் நின்று
எச்சில் துப்பி
அது தரை சேரும்வரை எண்ணுவோம்.
நான்கு.
காற்றடித்தால் ஐந்து.

மே மாதத்தில் பச்சைப் பிளம்.
உப்புப் பொட்டலம் எத்தேரியின் பாவாடைப் பையில்.
பல் கூசக் கூசத் தின்றது போக
மிச்சமெல்லாம் கீழே டோமினோ ஆடுபவர்களின்
வழுக்கைக்கு.
குறி தப்பாதவள் எத்தேரி ஒருத்திதான்,
பிடிபடாதவளும் அவள்தான்.
அடி வாங்குவதற்குக் கோச்சா இருந்தான்.

ஐந்தாம் மாடி குராமி கயிற்றில் கூடை இறக்குவார்.
கீழே தயிர்க்காரி காசை எடுத்துக்கொண்டு
ஜாடியை வைப்பாள்.
ஒருநாள் அவள் வருவதற்கு முன்
நாங்கள் பூனைக்குட்டியை வைத்தோம்.
கூடை ஆடியாடி மேலே போனது.
வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம்,
ஒரு வசவுக்காக.
வரவில்லை.
மறுநாள் கூடை இறங்கியபோது அதில் ஒரு சீட்டு:
'இதற்கு மீன் தலை யார் தருவது?'
தினமும் தந்தோம், வேறு வழி?
அந்த மீன்களைத் திருடிய கதை தனி.

அப்புறம் அந்த டிசம்பர்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே மின்சாரம் போனது.
நான்கு பேர், சூரியகாந்தி விதை அரைப் பை,
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு.
நுக்ரி பேய்க்கதை தொடங்கினான்.
கம்பி அறுந்தால் எத்தனை எண்ணுவோம் என்று
யாரும் கேட்கவில்லை.
எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டோம்.
அப்போது ஒரு கை
என் கையைப் பிடித்தது.
குளிர்ந்த கை, விதையின் உப்பு ஒட்டிய கை.
இரண்டு மணி நேரம் விடவில்லை.
விளக்கு வந்த நொடியில் விட்டுவிட்டது.
எத்தேரி கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இருபது வருடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.
எத்தேரி கல்யாணமாகி குத்தாயிசி போனாள்,
எனக்கும் கல்யாணம் ஆனது, நன்றாகவே.
இருந்தாலும் வைத்திருந்தேன்,
யாரும் கேட்காத ரசீது போல.

போன மாதம் காசுப்பெட்டியைக் கழற்றிவிட்டு
அட்டை இயந்திரம் பொருத்தினார்கள்.
மெக்கானிக் பெட்டியைச் செய்தித்தாளில் கவிழ்த்தான்.
பொத்தான்கள், வாஷர்கள், ஒரு துருக்கிக் காசு,
துளை போட்ட தெத்ரிகள் பதினொன்று.
ஒன்றில் சிவப்புக் கம்பளி நூல், ஒன்றில் கிட்டார் தந்தி,
ஒன்றில் யாருடைய தலைமுடியோ.
உலகத்தில் எங்களுக்கு மட்டும் தெரியும் என்றிருந்தோம்.
எங்கள் காசு அதில் இல்லை.

அன்றிரவே தெசலோனிக்கிக்கு போன் போட்டேன்.
'அதுவா? தொலைந்துபோச்சு' என்றான் நுக்ரி,
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.
பேச்சு இருட்டு லிஃப்டுக்கு வந்தது.
எத்தேரியின் கை என்றேன், முதன்முதலாக ஒருவரிடம்.
அவன் இருமி இருமிச் சிரித்தான்.
'அடேய், எத்தேரி இரண்டு கையாலும்
என் சட்டையைப் பிடித்திருந்தாள்.
அது கோச்சா.'

கோச்சா இப்போது சந்தை ஓரத்தில் டயர் விற்கிறான்.
தாடி, தொப்பை, மூன்று பிள்ளைகள்.
நேற்று அந்தப் பக்கம் போனேன், டயர் எதுவும் தேவையில்லாமல்.
கை குலுக்கினோம்.
நான் கொஞ்சம் அதிக நேரம் விடாமல் இருந்துவிட்டேன்.
'என்னடா?' என்றான்.
'ஒன்றுமில்லை.'
கிரீஸ் படிந்த, சூடான, பெரிய கை.
அடையாளம் தெரியவில்லை.